வலது இடுப்பு இடது இடுப்புக்கு எழுதுவது

செஞ்சி,
தை இரண்டாம் வாரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, தொண்டூர் பச்சைமுத்து அவர்களுக்கு, செஞ்சியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் பீமாராவ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மீனம்பாளும் மகனும் நலம். உங்கள் மகளும் எங்கள் மருமகளுமான பாரதியும் நலம். அவள் வயிற்றில் இருப்பவரும் நலமாக உதைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல். அங்கே தங்கள் நலம், சம்பந்தியம்மா ஜெயக்கொடியின் நலம், கறவை மாடுகளின் நலம் அறிய ஆவல். தங்கள் இடது இடுப்பின் நலத்தைப் பற்றி மட்டும் ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. கவலை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

போன ஆவணியில், வலது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு நான் வீட்டில் கிடந்தபோது, பாடப் புத்தகம் நிலக்கடலை என்கிற பச்சை மல்லாட்டை ஒரு பையோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். அரை நாள் இருந்தீர்கள். மழையைப் பற்றிப் பேசினோம், மல்லாட்டைச் செடியில் விழுந்த புழுவைப் பற்றிப் பேசினோம், மாட்டுக்கு வந்த கோமாரியைப் பற்றிப் பேசினோம். என் இடுப்பைப் பற்றி மட்டும் மரியாதை கருதி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புறப்படும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சம்மந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க. உள்ள இரும்பு வெச்சிக்கிறாங்களே, அதோட நடந்தா கழண்டுக்காதா?" என்று கேட்டீர்கள். பதில் தெரியாத ஆசிரியர் சொல்வதை நானும் சொன்னேன்: "நல்ல கேள்வி. விசாரிச்சுச் சொல்றேன்." விசாரித்தும் விட்டேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்குள் மார்கழி வந்துவிட்டது. விடியற்காலையில் மோட்டாரை நிறுத்தப்போன நீங்கள் பனியில் நனைந்த வரப்பில் வழுக்கி விழுந்து, எனக்கு வலது என்றால் உங்களுக்கு இடது என்று, அதே மூட்டை மாற்றிக்கொண்டீர்கள். இப்போது நம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் பழுதில்லாத ஓர் ஆள் தேறுவார்.

நிற்க வைப்பதுதான் சிக்கல். போன வாரம் பாரதி அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மீனம்பாள் என்னவென்று கேட்டதற்கு, "நைனா கட்டில வுட்டு எறங்க மாட்டேன்றாராம் அத்தை. ஆஸ்பத்திரில ரெண்டு தபா நிக்க வெச்சாங்களாம், அதோட சரி. காலை ஊனுனா இரும்பு கழண்டுக்கும்னு சொல்லிகினு படுத்தே கெடக்குறாராம். இப்படியே வுட்டா சதையெல்லாம் கரைஞ்சி, அப்பறம் நெனச்சாலும் எழுந்திருக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம்" என்றாள். வளைகாப்பு தை கடைசியில். அதற்குப் பிறகு பெண்ணைப் பெற்றவர் வந்து முதல் பிரசவத்துக்கு அழைத்துப்போக வேண்டும். மகன் தானே காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிப் பார்த்தான். "எங்க நைனா வந்து வாசல்ல நின்னு கூப்புட்டாதான் போவேன். இல்லன்னா இங்கியே பெத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். உங்கள் மகள், உங்களுக்குத் தெரியாததா.

இதை உங்களிடம் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். போனில் நீங்கள், "நல்லா இருக்கேன் சம்மந்தி, நீங்க நல்லா இருக்கீங்களா, இதோ அவகிட்ட குடுக்கிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி அம்மையாரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். நேரில் வந்து சொல்லலாம் என்றால், சம்பந்திக்குப் புத்தி சொல்வது நம் பக்கத்து வழக்கம் இல்லை. பெண் கொடுத்தவரைப் பார்த்து இப்படி உட்காருங்கள், அப்படி நில்லுங்கள் என்று சொன்னால், பையனைப் பெற்றவன் அதிகாரம் பண்ணுகிறான் என்று தொண்டூர் முழுக்கப் பேச்சாகிவிடும். எழுதிச் சொன்னால் குற்றம் பாதியாகக் குறையும் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். பாரதியும் பக்கத்தில்தான் இருக்கிறாள். போன வாரம் அழுத பெண், இன்று காலையிலிருந்து எதற்கோ சிரித்துக்கொண்டே இருக்கிறாள். கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, நீங்க எழுதுங்க" என்கிறாள்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரத்தில் சில நாள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அனு என்ற பெண்ணிடம் நான் இதைக் கேட்டேன். கழலாது என்று அந்தப் பெண் சொன்னாள். உள்ளே வைத்ததைச் சுற்றியிருக்கும் தசைதான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, சொன்னபடி நடந்தால் தசை இறுகும், நடக்காமல் கிடந்தால் தளரும், ஆபத்து நடப்பதில் இல்லை, தப்பான கோணத்தில் மடக்குவதிலும் முறுக்குவதிலும்தான் என்றாள். எனக்கு உடனே உங்கள் கொல்லையின் வேலிக்கற்கள் ஞாபகத்துக்கு வந்தன. குழி தோண்டிக் கல்லை நட்டதும் என்ன செய்வீர்கள்? சுற்றி மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, மிதிப்பீர்கள். மண் இறுக இறுகத்தான் கல் நிற்கும். கல் ஆடிவிடப்போகிறது என்று பயந்து மிதிக்காமல் விட்டவன் கொல்லையில்தான் முதல் மழைக்கே வேலி சாயும். நடை என்பது அந்த மிதிதான் சம்பந்தி, வேறொன்றுமில்லை. மிதிக்கிறேன் என்று கல்லையே எட்டி உதைக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த உதாரணத்தைப் பாரதி அழுத அன்றே அவளிடமும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

இதைச் சொல்கிற எனக்குத் தைரியம் பிறவியிலேயே இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். நான் விழுந்த கதையே தைரியசாலியின் கதை இல்லை. இருபது இருபத்தைந்து வருஷம் பள்ளிப் பிள்ளைகளை ராஜகிரிக் கோட்டை உச்சிவரை அழைத்துப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவன், ஒரு நாள்கூட ஒரு படியில்கூடச் சறுக்காதவன், என் வீட்டுக் குளியலறையில் என் சொந்த சோப்பின் மேல் கால் வைத்து விழுந்தேன். ஊருக்கு இது போதவில்லை. செஞ்சியில் ஒரு மனிதனுக்கு எலும்பு உடைந்தால் கோட்டையிலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள், "எந்தப் படி சார்? அந்த மரப்பாலத்துகிட்டயா?" என்று விசாரித்தார்கள். குளியலறை என்றதும் ஏமாந்துபோய் ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு உடனே புறப்பட்டார்கள். அறுவை முடிந்த மறுநாள் என்னை எழுப்பி நிற்க வைக்க ஆள் வந்தபோது, "இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். மீனம்பாள் பக்கத்தில் நின்று, "வாத்தியாரே, வீட்டுப்பாடம் எழுதாத புள்ள வயித்துவலின்னு சொன்னா நீங்க வுட்டுருவீங்களா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் கட்டுப்போட்ட வாயோடு சிரித்தார். எழுந்து நின்றேன். கண் இருட்டியது, வியர்த்தது. கழலவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு படுத்துக்கொண்டே செய்யும் பயிற்சிகள். மல்லாந்து படுத்துக்கொண்டு இரண்டு பாதங்களையும் முகத்தை நோக்கி இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். காலில் ரத்தம் கட்டாமல் ஓட இது முக்கியம் என்று அனு கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே யார் வந்தாலும் நான் நிறுத்துவதில்லை. எதிர்வீட்டு அம்மாள் நலம் விசாரிக்க வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் பேசிக்கொண்டே பாதத்தைத் தள்ளி இழுத்து, தள்ளி இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் என் பாதத்தையே பார்த்தார், பிறகு முகம் சுருங்கி எழுந்து போய்விட்டார். "ஒடம்பு சரியில்லன்னு பாக்கப் போனா, காலாலயே போ போன்றாரு உங்க வூட்டுக்காரரு" என்று குழாயடியில் மீனம்பாளைப் பிடித்துக்கொண்டாராம். மீனம்பாள் ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுபோய்ச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே சம்பந்தி, இந்தப் பயிற்சியைச் செய்யும்போது பார்க்க வருகிறவர்களைத் தலைமாட்டில் உட்கார வையுங்கள். முழங்காலின் பின்பக்கத்தைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கும் பயிற்சியும், பின்புறத்தை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தும் பயிற்சியும் அப்படியில்லை. போர்வைக்குள்ளே நடப்பவை, வெளியே தெரியாது. எங்கள் பழைய தலைமை ஆசிரியர் வந்து ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் ஒரு பாடத்தை முடித்துவிட்டேன். "பீமாராவ் முன்னைக்கு இப்ப ரொம்பப் பொறுமையா காது குடுக்கிறாரு" என்று அவர் மற்றவர்களிடம் பாராட்டியதாகக் கேள்வி.

பிறகு வாக்கர். நான்கு கால் அலுமினிய வண்டி, உங்களிடமும் இருக்கிறதாம், அதில் ஜெயக்கொடி அம்மையார் துவைத்த துணி காயப்போடுவதாகப் பாரதி சொன்னாள். எங்கள் வீட்டிலும் அதன் முதல் வேலை அதுவாகத்தான் இருந்தது. துணியை எடுத்துவிட்டு அதைப் பிடித்து நிற்பதுதான் அடுத்த பாடம். வாக்கரை ஓரடி முன்னால் வையுங்கள், பிறகு அறுத்த கால், பிறகு நல்ல கால். திரும்பும்போது ஊன்றிய காலின் மேல் உடம்பைத் திருகாமல், சின்னச் சின்ன எட்டு வைத்துத் திரும்புங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில். இது மட்டும் எனக்குக் குழம்பிக்கொண்டேயிருந்தது, கடைசியில் கோட்டைப் படிதான் கைகொடுத்தது. பிள்ளைகளை அழைத்துப்போகும்போது, ஏறுகையில் பலசாலிப் பையனை முன்னால் விடுவோம், அவன் மேலே நின்று மற்றவனைக் கை பிடித்துத் தூக்குவான். இறங்குகையில் அதே பலசாலியைப் பின்னால் நிறுத்துவோம், முன்னால் இறங்குகிறவனை மேலேயிருந்து பிடித்துக்கொள்வான். நல்ல கால்தான் அந்தப் பையன். இது தெரிந்த பிறகு வாசலின் இரண்டு படியை நான் ராஜகிரி போல மரியாதையோடு ஏறி இறங்கினேன்.

வாசலைத் தாண்டியதும் வந்தது அடுத்த தொல்லை. ஒரு சின்ன ஊரில் வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய மனிதன் தெருவில் தனியாக நடக்க முடியாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெருமுனை மின்கம்பம்வரை நடந்து திரும்ப வேண்டும் என்பது அனுவின் கட்டளை. மூன்று எட்டு வைப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். "சார், நீங்க போயி நடக்கிறதா? ஏறுங்க சார், எங்க போவணுமோ வுட்டுடறேன்." நான் எங்கேயும் போகவில்லை, நடக்கத்தான் நடக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தப் பக்கமாக ஒருவன் என் கையைப் பிடித்துத் தூக்குவான், இந்தப் பக்கமாக இன்னொருவன் வாக்கரைப் பிடுங்கிக்கொண்டு, "இத நான் எடுத்தாறேன் சார்" என்பான். நல்ல மனசுக்காரர்கள் நடுவில் நான் ஒற்றைக் காலில் நிற்பேன். கடைசியில் ஆட்டோ நெடுமாறன் வந்தான். என்னிடம் படித்தவன், மீசை நரைத்துவிட்டது, இன்னும் என்னைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்வான். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அன்பாக என்னை ஆட்டோவுக்குள் அடைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். ஆட்டோ சீட் எவ்வளவு தாழ்வு என்று உங்களுக்குத் தெரியும். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இடுப்பைவிட முழங்கால் உயரமாக மடங்கவே கூடாது என்பதுதான் எனக்குச் சொன்ன முதல் விதி. அனு அன்று வீட்டில் காத்திருந்தாள். "அண்ணே, மூட்டு நழுவியிருந்தா சாரை மறுபடியும் டேபிள்ல போட்டிருப்பாங்க, தெரியுமா?" என்று அவள் கேட்டதும், நெடுமாறனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் அவன் சீட்டின்மேல் இரண்டு கெட்டி மெத்தை போட்டுக் கட்டி வந்தான். அதோடு விட்டானா? நான் நடக்கும்போது, எந்த நேரம் எனக்குக் களைத்தாலும் ஏற்றிக்கொள்வதற்காக, ஆட்டோவை உருட்டிக்கொண்டே பின்னால் வர ஆரம்பித்தான். முன்னால் நான், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் வாக்கர். பார்க்கிறவர்களுக்கெல்லாம் நின்று வணக்கம் சொல்கிறேன். பின்னால் ஓர் ஆட்டோ ஊர்ந்து வருகிறது. ஜனங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். குழாயடியில் ஒரு பெண், "எந்தக் கட்சி சார்? இன்னா சின்னம், இதுவா?" என்று வாக்கரைக் காட்டினாள். அவள் பக்கத்தில் இருந்தவள், "எதுவா இருந்தா இன்னா, மொதல்ல எங்க தெரு லைட்ட எரிய வெக்கச் சொல்லு" என்றாள். நான் எரிய வைப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தேன். நெடுமாறன் மின்வாரியத்துக்குப் போன் செய்து எரிய வைத்தும் விட்டான். அந்தத் தெருவில் இப்போது என்னை நிறுத்த யாரும் வருவதில்லை, வழிதான் விடுகிறார்கள். ஐப்பசி முடியும்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். தடியை அறுத்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கம் பிடித்தால்தான் தாங்கும் என்று ஊரே என்னிடம் வாதாடியது, நம்பாதீர்கள்.

இவ்வளவு எழுதியும் முக்கியமானதை இன்னும் எழுதவில்லை. என் கால் நன்றாக ஊன்ற ஆரம்பித்தது அனுவாலும் இல்லை, நெடுமாறனாலும் இல்லை, உங்களால். அன்று மல்லாட்டைப் பையோடு நீங்கள் உள்ளே வந்தபோது நான் உயர நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்காலியிலிருந்து தானாக எழுந்து உட்காரும் பயிற்சியை அனு சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள், எனக்குப் பயம், ஒவ்வொரு முறையும் மீனம்பாளின் தோளில்தான் தொங்குவேன். ஆனால் சம்பந்தி உள்ளே வரும்போது உட்கார்ந்திருப்பது எப்படி? கைப்பிடியை அழுத்தி எழுந்துவிட்டேன். "ஐயோ, உக்காருங்க சம்மந்தி" என்றீர்கள். "நீங்க மொதல்ல உக்காருங்க" என்றேன். "நீங்க நிக்கும்போது நான் எப்படி உக்கார்றது?" என்றீர்கள். சரி என்று நான் உட்கார்ந்தேன். நீங்கள் உட்கார்ந்தீர்கள். மீனம்பாள் காபி கொண்டுவந்தாள், அவளுக்காக நீங்கள் எழுந்தீர்கள், நீங்கள் எழுந்ததால் நான் எழுந்தேன், நான் எழுந்ததைப் பார்த்து நீங்கள் பதறினீர்கள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமானது. அனு எப்போதோ வந்து அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், நமக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு கேட்டாள்: "சார், ரெண்டு வாரமா நான் கெஞ்சினேனே, அப்ப எழுந்திருக்கலியே. இத உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என் சம்பந்தி என்று சொன்னேன். "அவரை வாரம் ஒரு தடவ வரச் சொல்லுங்க சார்" என்றாள்.

நீங்கள் வரவில்லை, உங்களுக்கு அறுவடை. பிறகு மார்கழி. இப்போது எனக்கு எழுந்து நிற்க ஆள் இல்லை சம்பந்தி. மகன் உள்ளே வந்தால் நான் எழுந்திருக்க முடியாது, மீனம்பாள் வந்ததும் எழுந்து நின்றால், "இன்னா வாத்தியாரே, எதுனா ஒடைச்சிட்டீங்களா?" என்று சந்தேகப்படுகிறாள்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு அறுவை செய்த டாக்டர் சொன்னதுதான் உங்களுக்குச் சட்டம், எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ, திடீரென்று வலி கூடினாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தாழ்வான பலகையில் உட்காராதீர்கள், கீழே கிடப்பதைக் குனிந்து எடுக்காதீர்கள், கால்களை ஒன்றின்மேல் ஒன்று பின்னாதீர்கள். மற்றபடி, நாளைக் காலை ஜெயக்கொடி அம்மையார் காபி கொண்டுவரும்போது படுத்துக்கொண்டே கை நீட்ட வேண்டாம். ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, கைப்பிடி வைத்த உயரமான நாற்காலியின் விளிம்புக்கு வந்து, அறுத்த காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கைப்பிடியை அழுத்தி எழுந்து நில்லுங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழாதீர்கள், அது சாய்ந்துவிடும். எழுந்த பிறகு அதைப் பிடித்துக்கொள்ளலாம். இத்தனை வருஷமாக அந்த அம்மையார் உங்களுக்காக எழுந்திருக்கிறார். நீங்கள் ஒரு காபிக்கு எழுந்திருங்கள். நாளைக்குக் காபி, அடுத்து மாட்டுக் கொட்டகை, பிறகு என் வீட்டு வாசல். பாரதிக்காக அவசரப்பட வேண்டாம், அவள் காத்திருப்பாள். அவளுக்கு உள்ளே இருப்பவர்தான் காத்திருக்க மாட்டார்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் மீனம்பாளின் அன்பும். கறவைகளுக்கு என் விசாரிப்பு. தொண்டூர் வரப்புகள் எல்லாம் காய்ந்து, உங்கள் பாதம் வைக்கும் இடம் எல்லாம் கெட்டித் தரையாக இருக்கட்டும்.

என்றும் தங்கள் மரியாதையுள்ள,
பீமாராவ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் நெடுமாறனின் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு மெத்தைகளின்மேல் கூரையில் தலை இடிக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் வாக்கரோடு ஜெயக்கொடி அம்மையார் இறங்கினார், பிறகு நீங்கள் இறங்கினீர்கள். வாக்கர், அறுத்த கால், நல்ல கால். ஒரு பிழை இல்லை. பிழையெல்லாம் என்னுடையது. சம்பந்தி வாசலில் நிற்கிறார் என்றதும் தடியைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு, நல்ல காலை முதலில் வைத்து இரண்டு படியையும் ஒரே தாவாகத் தாவி வந்தேன். "வாத்தியாரே, தடி! தடி!" என்று மீனம்பாள் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். நீங்கள் வாசலிலேயே நின்று, என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் பார்த்து, "கண்ணு, வளைகாப்புக்கு நாளு பாத்துகினு, கூட்டிம்போவ நானே வருவேன்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றீர்கள். காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த பாரதி அப்போதுதான் அழுதாள். ஜெயக்கொடி அம்மையார் மீனம்பாளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "வேலிக்கல்ல மிதிச்சி இறுக்குற மாதிரின்னு பாரதி போன்ல சொல்லிச்சி. அன்னிக்கே எறங்கிட்டாரு. யாருக்கும் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினு, மாட்டுக் கொட்டாய் வரிக்கும் போயிப் போயி வந்தாரு. சம்மந்தி எழுந்து நிக்கும்போது நான் படுத்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்னாரு. இன்னிக்கிக் காத்தாலதான் பாரதிகிட்ட மட்டும் சொன்னேன், அதுதான் ஆட்டோவ அனுப்பிச்சிது." பிறகு உள்ளே வந்து, நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று நாம் இருவரும் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் காபி ஆறிவிட்டது. இப்போது நீங்கள் எனக்கு எதிரில் இருக்கிறீர்கள். நான் ஏதோ முக்கியமான வேலையாக எழுதுகிறேன் என்று நினைத்து மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மரியாதையின் மிகுதியில், சம்பந்தி வீட்டில் காலை நீட்டி உட்காரலாமா என்று, இரண்டு கணுக்கால்களையும் பின்னி நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால், இந்தக் காகிதத்தைப் பாரதியிடம் கொடுத்து உங்கள் கையில் கொடுக்கச் சொல்கிறேன். முதலிலிருந்து படிக்க வேண்டாம், இந்தக் கடைசி வரியை மட்டும் படியுங்கள். சம்பந்தி, இது உங்கள் வீடு. கால்களைப் பிரித்து, இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாகப் பதித்து உட்காருங்கள்.